நான்கு வாரமாக மாத்திரை சாப்பிடவில்லை, டாக்டருக்குத் தெரியாது

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. மூன்று வருடமாக ரத்த அழுத்தம் உண்டு. டெல்மிசார்ட்டன் 40 மி.கி. தினமும் ஒன்று சாப்பிட்டு வந்தார். திருமணமாகி ஐந்து வருடம் கழித்து இது முதல் கர்ப்பம். 6ஆவது வாரத்தில் உறுதியானதும் மகப்பேறு மருத்துவர் அன்றே டெல்மிசார்ட்டனை நிறுத்திவிட்டு, லேபட்டலால் 100 மி.கி. காலை, இரவு இரண்டு வேளை கொடுத்தார். 12ஆவது வாரத்தில் இரவுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஒன்றையும் சேர்த்தார். 13ஆவது வாரத்தில் வீட்டில் பார்த்தபோது அளவு 118/76. எழுந்து நின்றால் தலை லேசாகச் சுற்றியது. “பிள்ளை வந்த நேரம் உன் பிரஷரே போயிடுச்சும்மா, இனி எதுக்கு மாத்திரை? வயித்துல இருக்கறதுக்கு ஆகாது” என்று மாமியார் சொல்லியிருக்கிறார். பெரியம்மா மகளும், “எனக்கு 150 வரைக்கும் மாத்திரையே வேணாம்னு சொன்னாங்களே” என்றிருக்கிறார். அவருக்குப் பிரசவமாகிப் பத்து வருடம் ஆகிறது. இரண்டு மாத்திரையையும் வாசகி நிறுத்திவிட்டார். கணவருக்குத் தெரியாது.

இப்போது 17ஆவது வாரம். தினமும் காலையில் மூன்று முறை அளவு பார்க்கிறார். ஒரு நாளின் எண்களை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார்: 148/94, 143/90, 136/86. டாக்டருக்குக் காட்டும் குறிப்பேட்டில் ஏறுவது கடைசி எண் மட்டும். போன வாரம் மருத்துவமனையில் 138/88. மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, “மாத்திரை நல்லா கேக்குது, அப்படியே தொடருங்க” என்றாராம். வாசகியின் கேள்விகள்: இனியும் மாத்திரை தேவையா? 6 வாரம் டெல்மிசார்ட்டன் சாப்பிட்டது குழந்தையைப் பாதித்திருக்குமா? பிரஷர் இருந்தால் ஆபரேஷன்தானா? டாக்டரிடம் சொன்னால் இனிமேல் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை என் கண் அந்த மூன்று எண்களைவிட்டு நகரவில்லை. காலையில் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு, எதை எழுதுவது என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கும் உங்களை நினைத்துப் பார்த்தேன். மூன்றையும் எனக்கு மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும். மற்றதைச் சரிசெய்துவிடலாம், நாள் இருக்கிறது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளையே உங்கள் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். விட்ட மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடங்குவதா, கூட்டுவதா, வேறு மாத்திரைக்கு மாறுவதா என்பதை இன்றைய அளவைப் பார்த்து அவர் முடிவு செய்வார். இதற்கிடையில் எப்போதாவது மேல் எண் 160ஐயோ கீழ் எண் 110ஐயோ தொட்டால், 15 நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நடுராத்திரியாக இருந்தாலும் சரி. அந்த அளவில் வருகிறவருக்கு 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து கொடுத்துக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்களான எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். காரணம், தாயின் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து. தலைவலியோ மயக்கமோ இல்லையே என்று அந்த எண்ணை ஒதுக்கிவிடாதீர்கள்.

118/76 எப்படி வந்தது?

உங்கள் அத்தை கண்டது பொய்யில்லை. அன்றைக்கு அளவு இறங்கித்தான் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

கர்ப்பமான சில வாரங்களிலேயே உடல் முழுக்க ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியத் தொடங்கும். முழுக் கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அதை ஏற்றுக்கொள்ள உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. குழாய் விரிந்தால் அழுத்தம் இறங்கும். நான்கு, ஐந்து மாதத்தில் ரத்த அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு படிப்படியாக ஏறி, பிரசவ நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். பிரஷர் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இது பொது. உங்களுக்கு இந்த இறக்கத்தோடு லேபட்டலாலும் சேர்ந்து வேலை செய்தது. இரண்டும் சேர்ந்த கணக்குத்தான் 118/76. மாத்திரையை எடுத்துவிட்டோம், மிச்சமிருப்பது என்ன என்று உங்கள் காலை அளவுகளே காட்டுகின்றன. கர்ப்ப காலத்திலேயே அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு 148/94 வருகிறது. எட்டாம் மாதத்தில் அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் என் கவலை.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன் ஒருமுறைகூட அளவு பார்க்காத பெண்கள் ஏராளம். நான்காம் மாதம் முதல் தடவையாக வருவார்கள், நார்மலாக இருக்கும். எட்டாம் மாதம் ஏறும்போது, இது பழைய பிரஷரா, கர்ப்பத்தால் வந்ததா என்று எங்களுக்கே தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. மூன்று வருடக் கணக்கு கையில் இருக்கிறது. 30 வயதிலேயே பிரஷர் வந்ததால், சிறுநீரகம், தைராய்டு, அட்ரீனல் சுரப்பி போன்றவற்றில் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று அப்போது பார்த்தார்களா என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். பார்க்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

தலைச்சுற்றலுக்கும் வருகிறேன். 118/76 குறைந்த அழுத்தம் இல்லை. கர்ப்பத்தில் மாத்திரையைக் குறைக்கலாமா என்று நாங்கள் யோசிப்பது, மேல் எண் தொடர்ந்து 110க்குக் கீழோ கீழ் எண் 70க்குக் கீழோ போகும்போதுதான். சட்டென்று எழுந்தால் சுற்றுவது கர்ப்பத்தாலும் வரும், லேபட்டலாலும் வரும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் உணவோடு எடுப்பது, படுக்கையிலிருந்து ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது இரண்டும் பலருக்குக் கைகொடுக்கும். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழி உண்டு. மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் இருக்கிறது. அதில் சிலருக்குத் தலைவலி, கால் வீக்கம் வரும். மெத்தில்டோபா இருக்கிறது, நெடுங்காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் பழைய மருந்து, ஆனால் தூக்கக் கலக்கமும் மனச்சோர்வும் தரக்கூடியது. உங்களுக்கு எப்போதாவது ஆஸ்துமா இருந்ததென்றால் அவசியம் சொல்லுங்கள், லேபட்டலால் அவர்களுக்கு ஏற்றதல்ல. “ஒத்துக்கல” என்ற ஒரு வார்த்தை சொன்னால் மருத்துவருக்கு இத்தனை கதவுகள் திறக்கும். சொல்லாமல் நிறுத்தினால் ஒன்றும் திறக்காது.

மாத்திரை பிள்ளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுமா?

அத்தையின் பயத்துக்கும் உங்கள் அக்கா சொன்னதற்கும் வேர் ஒன்றுதான். அதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். தாயின் அழுத்தத்தை அதிகம் குறைத்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்து குழந்தை எடை போடாமல் போய்விடுமோ என்று மருத்துவர்களே பல வருடம் பயந்தோம். அதனால் 150 வரை, சில இடங்களில் 160 வரைகூட மாத்திரை கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாக இருந்தது. நானும் அப்படிச் சொன்னவள்தான். உங்கள் அக்காவுக்கு அவருடைய மருத்துவர் அன்றைக்குச் சொன்னது அன்றைய அறிவின்படி சரி.

அந்தக் கேள்விக்கு 2022இல் நல்ல பதில் கிடைத்தது. அமெரிக்காவில் ‘சாப்’ என்ற பெயரில் நடந்த ஆய்வு அது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தோ ஆரம்ப மாதங்களிலிருந்தோ மிதமான ரத்த அழுத்தம் உள்ள 2,408 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 140/90க்குக் கீழ் வைத்திருக்கும்படி மாத்திரை. மற்றொரு பிரிவுக்கு, 160/105ஐத் தொடும் வரை மாத்திரை இல்லை. சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் உங்களைப் போலவே ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். கடுமையான ப்ரீஎக்லாம்சியா (பிரஷரோடு தாயின் உறுப்புகளையும் தாக்கும் கர்ப்ப கால நோய்), தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்பதால் 35 வாரத்துக்கு முன்பே பிரசவம் செய்ய வேண்டிய நிலை, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குழந்தை இறப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நடந்ததா என்று பார்த்தார்கள். மாத்திரை இல்லாத பிரிவில் 37 சதவீதம் பேருக்கு நடந்தது. மாத்திரை எடுத்த பிரிவில் அது 30.2 சதவீதம். சுமார் 15 பேருக்கு மாத்திரை கொடுத்தால் ஒருவரை இந்தத் துன்பத்திலிருந்து காப்பாற்றலாம் என்று அர்த்தம்.

எல்லோரும் பயந்த அந்தக் குழந்தை எடை? வயிற்றில் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் மாத்திரை பிரிவில் 11.2 சதவீதம், மற்றதில் 10.4 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய சிறு வித்தியாசம்தான் இது. மாத்திரையால் பிள்ளை சிறுத்துப்போகவில்லை. அதன் பிறகுதான் 140/90ஐத் தாண்டினாலே மாத்திரை, முன்பிருந்தே சாப்பிடுகிறவர் நிறுத்த வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிமுறைகள் மாறின. அத்தைக்கு இதைச் சொல்லும்போது ஆய்வு, சதவீதம் எல்லாம் வேண்டாம். “இப்போ எல்லாம் கண்டுபிடிச்சுட்டாங்க அத்தை, மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்குத்தான் குறைமாசப் பிரசவம் குறைச்சலா இருக்காம்” என்று சொல்லுங்கள். செக்கப்புக்கு ஒருமுறை கூடவே அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில் தடுத்தவர், விவரம் புரிந்தால் அந்தப் பாசத்தோடேயே மாத்திரையை நேரத்துக்கு நினைவுபடுத்துவார்.

ஆய்வில் மாத்திரை இல்லாமல் இருந்த பெண்களுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் மாத்திரை சாப்பிடவில்லை என்பது அவர்களைக் கவனித்த மருத்துவர்களுக்குத் தெரியும். 160ஐத் தொட்ட அன்றே மாத்திரை தொடங்கக் காத்திருந்தார்கள். உங்கள் மருத்துவருக்கு அது தெரியாது. 138/88ஐப் பார்த்து, லேபட்டலால் 200 மி.கி.யில் இது நன்றாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு அளவு ஏறினால், சாப்பிடாத மாத்திரையின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பார். பயந்துபோய் நீங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் சாப்பிடத் தொடங்கினால், அன்றைக்குத்தான் உண்மையாகவே அழுத்தம் மளமளவென்று இறங்கி, பிள்ளைக்கு ரத்தம் குறையும்.

ஆஸ்பிரின் பிரஷர் மாத்திரை இல்லை

இரண்டையும் ஒரே கணக்கில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஆனால் ஆஸ்பிரினுக்கும் உங்கள் காலை எண்களுக்கும் சம்பந்தமே இல்லை. அது அழுத்தத்தைக் குறைக்காது. ப்ரீஎக்லாம்சியா என்பது நஞ்சுக்கொடியில் தொடங்கி, தாயின் சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள், மூளை வரை போகும் நோய். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு அது மேலே வந்து சேரும். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் ஆஸ்பிரின். பொதுவாக 75 முதல் 150 மி.கி. வரை, 12ஆவது வாரத்திலிருந்து இரவில் கொடுக்கிறோம். 16 வாரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. உங்களுக்கு 17. கொஞ்சம் தாமதம்தான், கதவு மூடிவிடவில்லை. 28 வாரம் வரைகூடத் தொடங்கலாம் என்று வழிமுறைகள் சொல்கின்றன. இந்தச் சிறு அளவு கருவைக் கலைக்காது. தலைவலிக்குப் போடும் பெரிய அளவு ஆஸ்பிரினோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வலி மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கர்ப்ப காலத்தில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மூக்கடைப்புக்கு விற்கும் சில சளி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றிவிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால்தான் முதல் மருந்து.

டெல்மிசார்ட்டன் சாப்பிட்ட அந்த 6 வாரம்

கடிதத்தில் இந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, அழுத்தி எழுதி அடித்திருக்கிறீர்கள். அதனால் நேராகச் சொல்கிறேன். அந்த வகை மருந்துகளைக் கர்ப்பத்தில் நாங்கள் கொடுக்காததற்கு உறுதியான காரணம் நான்காம் மாதத்துக்குப் பிந்தையது. அப்போதுதான் குழந்தையின் சிறுநீரகம் உண்டாக்கும் சிறுநீர் பனிக்குட நீருக்கே முக்கிய ஆதாரமாகிறது. அந்தச் சமயத்தில் இந்த மருந்து போனால் குழந்தையின் சிறுநீரகம் பழுதாகி, பனிக்குட நீர் வற்றலாம். நீங்கள் 6ஆவது வாரத்திலேயே நிறுத்திவிட்டீர்கள்.

ஆரம்ப வாரங்களைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. இதே போன்ற இன்னொரு வகை மருந்தைப் பற்றி 2006இல் வந்த ஓர் ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறைபாடுகள் அதிகம் என்றது. பிற்பாடு அதைவிடப் பெரிய ஆய்வுகளில், தாயின் பிரஷர், சர்க்கரை போன்றவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, மருந்துதான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் மருத்துவர் அன்றே மாற்றியது சரியான முடிவு. அந்த 6 வாரத்துக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. 18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் வருகிறது. டெல்மிசார்ட்டன் எந்த வாரம் வரை சாப்பிட்டீர்கள் என்று ஸ்கேன் செய்பவரிடம் சொல்லுங்கள். இதயத்தையும் சிறுநீரகங்களையும் பனிக்குட நீரையும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

ஒரு விஷயம் மட்டும்: வீட்டில் மீதி டெல்மிசார்ட்டன் அட்டை இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அளவு ஏறும் ஒரு நாளில் பதற்றத்தில் கை அதற்குப் போய்விடக் கூடாது.

குறிப்பேட்டில் எதை எழுதுவது?

மூன்று முறை பார்த்தால் முதல் எண் அதிகமாகவும் கடைசி எண் குறைவாகவும் வருவது இயல்பு. முதல் எண்ணை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுப்பதை நாங்களும் ஏற்கிறோம். உங்கள் அன்றைய அளவில் 143/90, 136/86 இரண்டின் சராசரி ஏறக்குறைய 140/88. அதுதான் உங்கள் உண்மையான காலை அளவு. வீட்டில் பார்க்கும்போது 135/85 பக்கத்தில் இருந்தால் நல்லது என்று பார்க்கிறோம். ஆக, மாத்திரை இல்லாமல் நீங்கள் எல்லைக்கு மேல் இருக்கிறீர்கள். 136/86 மட்டும் எழுதப்பட்ட பக்கத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.

இனிமேல் பார்த்ததை எல்லாம் எழுதுங்கள். மணி, இடது கையா வலது கையா, அன்று மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் விட்டு இரண்டு அளவு. இதற்கு மேல் வேண்டாம். பத்துத் தடவை பார்த்தால் பதினோராவது தடவை பயத்திலேயே ஏறும்.

பார்க்கும் முறையிலும் எண் மாறும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் வெறும் தோலில் சுற்றுங்கள்; கை மேசையில், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அந்த நேரம் பேச்சும் வேண்டாம், மறு கையில் போனும் வேண்டாம். கர்ப்பத்தில் கை பருத்து, பழைய பட்டை இறுக்கமாகிவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியை நம்ப வேண்டாம். உங்கள் கருவியை ஒருமுறை மருத்துவமனைக்கு எடுத்துப் போய் அங்கே பார்க்கும் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாக் கருவியும் கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டதில்லை.

உப்பை அறவே நிறுத்திவிட்டதாகவும், அத்தை உங்களைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தேவையில்லை. பிரஷருக்காக ஏற்கெனவே அளவாக உப்பு சேர்த்துக்கொண்டிருந்தால் அதைத் தொடருங்கள்; உப்பே இல்லாமல் சாப்பிடுவதால் ப்ரீஎக்லாம்சியா தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் அதைத் தடுக்காது. உலக சுகாதார நிறுவனமும் அதற்காக வீட்டில் படுத்தே இருக்கச் சொல்வதில்லை. அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். மருத்துவர் வேறு காரணத்துக்காகத் தடுக்காத வரை தினமும் நடங்கள்.

20 வாரத்துக்குப் பிறகு

உங்களுக்கு இப்போதே செய்து வைத்துக்கொள்ள வேண்டிய சில பரிசோதனைகள் உண்டு: கிரியாட்டினின், கல்லீரல், ரத்தத் தட்டணுக்கள், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் புரதத்தின் அளவு, ஈ.சி.ஜி. ஏன் இப்போதே? 30ஆவது வாரத்தில் சிறுநீரில் புரதம் தெரிந்தால், அது புதிதாக வந்த ப்ரீஎக்லாம்சியாவா, மூன்று வருடப் பிரஷர் சிறுநீரகத்தில் முன்பே விட்ட தடமா என்று அன்றைக்குச் சொல்ல வேண்டும். குழந்தையை வெளியே எடுப்பதா, வயிற்றிலேயே இன்னும் சில வாரம் வளர விடுவதா என்ற முடிவே சில சமயம் அந்த ஒப்பீட்டில் நிற்கும். இப்போதைய அளவு இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருக்காது. போன மாதமே எடுத்திருந்தால் அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். பிற்பகுதியில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கவும் சில ஸ்கேன்கள் கூடுதலாக இருக்கும்.

எண் என்னவாக இருந்தாலும் உடனே போக வேண்டிய அறிகுறிகளைக் கணவருக்கும் அத்தைக்கும் சொல்லிவையுங்கள்: விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது மின்னல் வெட்டுவது போலத் தெரிதல், மேல் வயிற்றில், குறிப்பாக வலப்புற விலாவுக்குக் கீழ் வலி, மூச்சுத் திணறல், திடீரென்று முகம் வீங்குதல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல். மேல் வயிற்று வலியை வாயு என்று நினைத்துக் கஷாயமும் ஜெலுசிலும் கொடுத்து ஒரு நாளைப் போக்கிவிடுகிறார்கள். பிரஷர் உள்ள கர்ப்பிணிக்கு அந்த வலி கல்லீரலிலிருந்து வருவதாக இருக்கலாம். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

ஆபரேஷன்தானா?

இல்லை. பிரஷர் என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் செய்வதில்லை. மாத்திரையோடு அளவு கட்டுக்குள் இருந்து, குழந்தையும் நன்றாக வளர்ந்தால், பொதுவாக 37 வாரம் முடிந்து 40 தொடங்குவதற்குள் பிரசவத்தைத் திட்டமிடுவோம். வலி வருவதற்கு மருந்து கொடுத்துத் தொடங்கி வைப்பதுதான் பெரும்பாலும் முதல் வழி. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைப்பது உங்களுக்குக் கெடுதல் இல்லை. வலியால் ஏறும் அழுத்தத்தை அது தணிக்கவும் செய்யும். பிரசவ அறையில் புதிய ஆட்கள் இருந்தால், “எனக்கு முன்பிருந்தே பி.பி. உண்டு” என்று நீங்களே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தப் போடும் ஊசிகளில் மெத்தில் எர்கோமெட்ரின் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். உங்களுக்கு அதைத் தவிர்த்து ஆக்சிடோசின் கொடுப்பார்கள்.

பிரசவம் ஆனதும் எல்லோரும் பிள்ளையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். உங்கள் அழுத்தம் மிக உயரமாகப் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, 3 முதல் 6 நாளுக்குள். அநேகமாக வீட்டுக்கு வந்திருப்பீர்கள், தூக்கம் இருக்காது, தலைவலியைத் தூக்கமின்மை என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்தத் தடவை மட்டுமாவது, ‘பிள்ளை பிறந்தாச்சு, இனி எதுக்கு’ என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் காலை, மாலை அளவு பாருங்கள். முதல் மூன்று நாளுக்குள் ஒருமுறையும், 7 முதல் 10 நாளுக்குள் ஒருமுறையும் காட்டுங்கள். லேபட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் ஆகியவற்றைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். பழைய டெல்மிசார்ட்டனுக்கு எப்போது திரும்பலாம் என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடும்போது ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு வேண்டாம். வேறு நல்ல வழிகள் உண்டு.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

இனிமேல் உங்களைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவேளை முகம் சுளிக்கலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தியதாகச் சொல்லும் கர்ப்பிணி அவருக்குப் புதிதில்லை, எனக்கும் புதிதில்லை. நாங்கள் பயப்படுவது சொல்லாமல் போகிறவர்களைப் பற்றித்தான். இவ்வளவும் படித்த பிறகும் மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது அவர் உங்களை அடிக்கடி வரச் சொல்லி, எந்த எண்ணில் தொடங்குவது என்று உங்களோடு பேசி முடிவு செய்வார். என் கருத்தைக் கேட்டால், உங்கள் அளவுகளுக்கு மாத்திரை தேவை என்றே சொல்வேன்.

கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். அளவு பார்க்கவும் எழுதவும், ராத்திரியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் கூட இருக்கப்போகிறவர் அவர். காலையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். நீண்ட விளக்கம் எதுவும் தேவையில்லை. “டாக்டர், நாலு வாரமா லேபட்டலாலும் ஆஸ்பிரினும் சாப்பிடல. வீட்டுல காலையில 148/94 வரைக்கும் வருது, நோட்டுல குறைவான அளவை மட்டும் எழுதினேன். நான் எப்போ வரட்டும்?” இதைச் சொன்னால் போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.